கொடுவாளுக்கும் கத்திக்கும் தோலுறை

கூர்மையை ஈரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் காப்பது கத்தி உறையின் ஒரு வேலை. இடுப்பில் செருகியவரின் தொடையை அந்தக் கூர்மையிலிருந்து காப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒருசேரச் செய்யும் பொருள்களில் தோலுக்கு ஈடானது குறைவு. சணலும் சாக்கும் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், மரம் கனக்கும், பிளாஸ்டிக் உறையில் கத்தி கடகடவென ஆடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளி வட்டாரத்தில் உறையின் தேவையை விளக்க வேண்டியதில்லை. தென்னையும் மாவும் புளியும் உள்ள பூமி. தேங்காய் பறிப்பவர், ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர், மாந்தோப்பில் கிளை கழிப்பவர் என எல்லார் கையிலும் கொடுவாளோ கத்தியோ உண்டு. பக்கத்துச் சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் ஆலை ஓடினாலும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் காட்டுவேலைக் கூட்டம்தான். ஆயினும் கொடுவாள் பெரும்பாலும் வெறுமையாகவோ சாக்குத் துண்டு சுற்றியோதான் பயணம் போகிறது.

உறைக்கான பொருள் எப்போதும் பக்கத்தில் கிடைப்பதிலிருந்தே பிறந்திருக்கிறது. பனையேறிகள் இடுப்பில் கட்டும் அரிவாள் பெட்டி பனையிலிருந்தே வந்தது. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தைய மனிதனிடம் ஒரு கல் கத்தி இருந்தது. அதன் உறை மரப்பட்டை நாரால் பின்னப்பட்டது; இடைவாரில் கட்டத் தோல் கயிறும் இருந்தது.

தோலைப் பொறுத்தவரை, போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் கிடைப்பது உறைக்குப் பெரும்பாலும் பொருந்தாத தோல். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகளின் பெருஞ்சரக்கு குரோம் உப்பால் பதனிட்டது. ஒரே நாளில்கூடப் பதமாகும், மென்மையானது, நீரைத் தாங்கும். சென்னையில் 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனிடலை முயன்றபோது, கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலையின் தோல் நெடுநாள் உழைக்க வேண்டும் என்ற எண்ணமும் அதற்குப் பின்னால் இருந்தது. நீருக்கு அது நல்லது, கத்திக்கு அல்ல. குரோம் தோல் கொடுத்த வடிவில் நிற்காது. அதில் தங்கிய உப்பும் அமிலமும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

உறைக்கு வேண்டியது பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமான தோல். ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற ஊர்கள். முன்பு ஆவாரம் பட்டை. இப்போது வாட்டில் பட்டைச் சத்தும் கடுக்காயும். கிழக்கிந்தியத் தோல் என்று உலகச் சந்தையில் பெயர் பெற்று, புவிசார் குறியீடும் வாங்கிய சரக்கு இது. ஆனால் அதில் மெல்லிய தோலே அதிகம். உறைக்கு 3 மில்லிமீட்டர் தடிப்பாவது வேண்டும் என்பதால் எருமைத் தோலைக் கேட்டு வாங்குவது நல்லது. பட்டைத் தோலையும் குரோம் தோலையும் வேறுபடுத்திப் பார்க்க வெட்டுமுகம் போதும்: பட்டைத் தோல் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும்; குரோம் தோலின் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரியும். ஒரு நறுக்கை எரித்தால் குரோம் தோலின் சாம்பல் பச்சையாக வரும்.

முதலில் காகிதத்தில் அச்சு. கத்தியின் முதுகு மடிப்பில் அமரும்படி காகிதத்தை மடித்து, வெட்டும் வாய்ப்பக்கம் ஒரு விரல் அகலம் கூட்டி வரைய வேண்டும். தோலின் தடிப்பைக் கணக்கில் கொள்ளாமல் அளந்தால் கத்தி உள்ளே நுழையாது. அடுத்து, வெளியே தெரியாத ஒரு பட்டை. தையல் ஓடும் விளிம்பில், இரண்டு தோல்களுக்கும் நடுவே, கத்தியின் தடிப்புக்கு ஈடான தோல் நாடா ஒன்றை வைத்து ஒட்ட வேண்டும். இது இல்லாவிட்டால் கத்தியின் வாய் ஒவ்வொரு முறை செருகும்போதும் நூலை அறுக்கும். ஒருநாள் தையல் விட்டுக் கத்தி பக்கவாட்டில் வெளியே வரும். உறையை வாங்குபவர் பூவேலையைப் பார்க்கும் முன் இந்த நடுப்பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைத் தவிர்த்த உறை எவ்வளவு அழகானாலும் ஆபத்தானது.

கைத்தையலின் மேன்மை இந்த வேலையில்தான் முழுதாகத் தெரியும். விளிம்பிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு கீறி, அதே இடைவெளியில் புள்ளியிட்டு, குத்தூசியால் மூன்று அடுக்கையும் நேராகத் துளைப்பார்கள். மெழுகிட்ட ஒரே நூல், தையலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு. இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராக நுழைந்து வரும். எந்திரத் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டு நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும். கைத்தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும்.

இந்தத் தையல் இவ்வட்டாரக் கிணறுகளுக்குப் பழக்கமானது. மோட்டார் வரும் முன் கவலைச் சாலின் தும்பி என்னும் தோல் குழாயும் வாரும் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர் முதலிய சமூகத்தினர். அவர்கள் தையல் பிடித்ததால் வயலுக்குத் தண்ணீர் ஏறியது. அதே கிணற்றில் இறங்கி நீர் மொள்ள அவர்களுக்கு உரிமை மறுத்த ஊர்கள் பல. கூலியாகத் தானியம் அளந்தார்கள், தொழிலறிவுக்கு மதிப்பு அளக்கவில்லை. கைத்தோல் வேலையைக் கலை என்று இன்று பாராட்டும்போது அந்தக் கைகளின் பெயரையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் குமிழி நிற்கும்வரை நனைத்து, கத்தியை உள்ளே வைத்து, விரலாலும் வழவழப்பான கட்டையாலும் அழுத்தி வடிவம் பிடிக்க வேண்டும். அதற்கு முன் கத்திக்கு எண்ணெய் தடவி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவது கட்டாயம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து எழுதுமை ஆனதுபோலவே, ஈரத்தோலின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் இரண்டிலும் கருநீலக் கறை ஏறும். உலர்த்துவது நிழலில் மட்டும். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும்.

நேர்க்கத்திக்கு இவ்வளவு போதும். பின்லாந்தின் பூக்கோ கத்தியின் உறை இப்படி நனைத்து வடித்ததுதான். பிடியின் பெரும்பகுதி உள்ளே அமர்வதால் பூட்டுவார் இல்லாமலே கத்தி நிற்கும். கொடுவாளின் கதை வேறு. நுனி வளைந்திருப்பதால் நேராக இறங்கும் குறுகிய உறையில் அது நுழையாது. முதுகுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, வாய்ப்பக்கம் மட்டும் நடுப்பட்டையுடன் தைத்து, குறுக்கே ஒரு வாரும் பொத்தானும் வைக்க வேண்டும். குடகு மக்களின் ஒடிக்கத்தி இந்தச் சிக்கலை உறையே இல்லாமல் தீர்த்தது: முதுகுப்புறம் கட்டிய பித்தளைக் கொக்கியில் அது வெறுமையாகத் தொங்கும். விழாக்கோலத்துக்கு அது அழகு. தென்னை ஏறுபவருக்கு உதவாது.

முடிந்த உறையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் தடவி, மரத்தால் உரசி மெருகேற்றி, தேன்மெழுகு பூசுவார்கள். பிறகு ஆண்டுக்கு இரண்டொரு முறை சிறிது விளக்கெண்ணெய் போதும். மிகுந்தால் தோல் தளர்ந்து கத்தி வழுக்கும். லாரிப் பட்டையில் அடித்த கொடுவாள் எளிதில் துருவேறும் எஃகு. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெயிட்டு, உறைக்கு வெளியே வைப்பதே சரி. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் தோலுக்குள்ளேயே விட்டால், நல்ல உறையும் கத்தியைத் தின்னும்.