ஒளி குன்றிய சில வினாடிகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சந்திரன் தன் வழியிலே செல்லும்போது ரோகிணி போன்ற நட்சத்திரங்களைச் சிலவேளை மறைத்துச் செல்வதைப் பெரியோர்கள் அறிவார்கள். சந்திரனைப் போலவே, வெகு தூரத்திலுள்ள கோள்களும் நட்சத்திரங்களை மறைப்பதுண்டு. அத்தகைய ஒரு மறைப்பினால் உலகம் பெற்ற அறிவைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

நட்சத்திரங்கள் மிக மிகத் தொலைவில் இருப்பதனால் அவற்றின் ஒளிக்கதிர்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவே நம்மை வந்தடைகின்றன. ஆகவே இடையில் வரும் பொருளின் நிழல், அப்பொருளின் அளவிலேயே பூமியின்மீது படிந்து ஓடுகின்றது. ஒளி எவ்வளவு நேரம் மறைந்தது என்பதைக் கணித்தால், மறைத்த பொருளின் அகலத்தை அறியலாம். தொலைகாட்டியிற் புலப்படாத சிறு பொருளும் இந்த நிழலுக்குத் தப்ப முடியாது.

1977 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10 ஆம் திகதி இரவு, யுறேனஸ் என்னும் கோள் துலாம் கூட்டத்திலுள்ள மங்கலான ஒரு நட்சத்திரத்தை மறைக்க இருந்தது. அக்கோள் நம்மிடமிருந்து ஏறத்தாழ 270 கோடி கிலோமீற்றர் தூரத்தில் நின்றது. அதன் வளிமண்டலத்தையும் விட்டத்தையும் ஆராய்வதே அறிஞர்களின் நோக்கம். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் எலியற்றும் அவர் குழுவினரும், 91 சென்ரிமீற்றர் தொலைகாட்டி பொருத்திய விமானத்தில் ஏறி, இந்து சமுத்திரத்தின் தென்பகுதிக்கு மேலே பறந்தனர்.

குறித்த நேரத்தில் பிழை இருக்கக்கூடும் எனக் கருதி, அவர்கள் அரை மணி நேரத்துக்கும் மேலாக முன்பே பதிவைத் தொடங்கிவிட்டனர். அந்த முன்யோசனையே பெரும் பயனைத் தந்தது. கோள் மறைப்பதற்கு முன்னரே ஒளி ஐந்து முறை சட்டென்று குன்றி மீண்டது. சிறு சந்திரர்களோ என ஐயுற்றனர். ஆனால் கோள் விலகிய பின்னரும் ஒளி குன்றியது; இரு பக்கத்துக் குறைவுகளும் கோளிலிருந்து ஏறத்தாழ ஒத்த தூரங்களில் அமைந்திருந்தன. சந்திரர்கள் இவ்வாறு சோடி சோடியாக நிற்க மாட்டா. கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்பது புலனாயிற்று. அதுவரை வளையமுடைய கோள் சனி ஒன்றே என்று உலகம் நம்பியிருந்தது.

அதே இரவில் தமிழ்நாட்டிலும் விழித்திருந்தவர்கள் இருந்தார்கள். காவலூர் என்றதும் நம்மவர்க்கு ஊர்காவற்றுறையே நினைவுக்கு வரும்; நான் கூறும் காவலூரோ சவ்வாது மலையில் உள்ளது. அங்குள்ள ஒரு மீற்றர் தொலைகாட்டியின் வாயிலாகப் பட்டாச்சாரியா, குப்புசாமி என்னும் இருவரும் அந்நட்சத்திரத்தின் ஒளி சில வினாடிகள் குன்றியதைப் பதிந்தனர். முதலில் அதனைப் புதியதொரு சந்திரனின் நிழல் என்றே கொண்டனர். பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அதுவே வளையங்களுக்கு மற்றொரு சான்றாயிற்று.

அன்பர்களே, இங்கே நாம் கவனிக்கவேண்டியது யாது? காவலூர்ப் பதிவு பிழையன்று. தனித்து நின்றமையால் அதன் பொருள் விளங்கவில்லை. ஓரிடத்தில் நின்றவர்க்குச் சந்திரனாகத் தோன்றியது, பல இடத்தார் கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது வளையமாயிற்று. பெரும்பாலும் பத்துக் கிலோமீற்றர் அளவே அகலமுள்ள அவ்வளையங்களை 1986 ஆம் ஆண்டு வொயேஜர் 2 விண்கலம் அண்மையிற் சென்று படம் பிடித்தது. இன்று அறியப்பட்டவை பதின்மூன்று.

இம்முறை பழையதாகிப் போகவுமில்லை. சனிக்கும் யுறேனசுக்கும் இடையே சுற்றும், ஏறத்தாழ 250 கிலோமீற்றர் அகலமே உள்ள சரிக்லோ என்னும் சிறுபொருளுக்கும் வளையங்கள் உண்டென்பதை, 2013 ஆம் ஆண்டு ஜூன் 3 ஆம் திகதி தென்னமெரிக்காவிற் பல இடங்களில் நின்று நோக்கியவர்கள் இவ்வாறே கண்டனர்.

இத்தொண்டுக்குப் பெரிய கூடங்கள் மட்டுமே வேண்டுமென்பதில்லை. சிறு தொலைகாட்டி, படம் பதியும் கருவி, நேரத்தைத் திருத்தமாகக் காட்டும் ஒரு சாதனம் ஆகிய இவை இருந்தாற் சிறு கோள்களின் மறைப்பைப் பொழுதுபோக்காளரும் பதியலாம். நட்சத்திரம் மறையவில்லை என்று ஒருவர் எழுதும் குறிப்பும் பயனுடையதே; நிழலின் எல்லை எதுவென்பதை அது காட்டுகின்றது.

ஆகவே வாலிபர்களே, நான்கு ஊர்களில் நால்வராக நின்று நோக்குங்கள். நேரத்துக்கு முன்பே ஆயத்தமாயிருங்கள். கண்டதைக் கண்டபடியே எழுதுங்கள். காணாததையும் அவ்வாறே எழுதுங்கள். பின்னர் நால்வர் ஏடுகளையும் ஒன்றாக விரித்து வையுங்கள். பெரியோர்களே, இரவில் விழித்திருக்க அவர்களுக்கு அனுமதியும் ஆதரவும் தந்துதவுமாறு வேண்டி அமைகின்றேன்.