கரையில் காத்திருக்கும் மின்சாரம்



நான் பள்ளிச் சிறுவனாயிருந்த நாளில், இரவில் விளக்கின்கீழ் அமர்ந்து பாடம் படிப்பது வழக்கம். பக்கத்துத் தோட்டத்தில் நீரிறைக்கும் மோட்டார் ஓடத் தொடங்கியதும் விளக்கு மங்கிவிடும். எழுத்துகள் கண்ணுக்குப் புலப்படா. புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருப்பேன். குற்றம் மோட்டாருடையதன்று, ஊருக்கு வந்த மின்கம்பி அவ்வளவு பாரத்தைத்தான் தாங்கக் கூடியதாயிருந்தது.

இதே இடையூறு நார்வே நாட்டில் ஒரு பெரும் படகுக்கும் நேர்ந்தது. அந்நாட்டில் லாவிக், ஒப்பெடால் என்னும் இரு சிற்றூர்களுக்கு நடுவே ஒரு கடற்கழி உண்டு. 2015ஆம் ஆண்டில் அதனைக் கடக்க 'ஆம்பியர்' என்ற படகு விடப்பட்டது. கார்களையும் மக்களையும் ஏற்றிச் சென்ற அப்படகை, மின்கலங்களின் சக்தியால் சுழலும் உந்துபொறிகளே செலுத்தின. அக்கரை சேரச் சுமார் 20 நிமிடம். கரையில் நின்று மின்னேற்றம் பெறக் கிடைத்ததோ சுமார் 10 நிமிடமே.

இங்கே ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருமுறை கடக்க 150 யூனிட் செலவாவதாக வைத்துக்கொள்வோம். அதனை 10 நிமிடத்தில் நிரப்ப 900 கிலோவாட் வேண்டும். ஒரு மணி நேரத்தில் மெல்ல நிரப்பினாலோ 150 கிலோவாட் போதும். மின்சாரத்தின் அளவு ஒன்றே. அவசரம்தான் ஆறு மடங்கு! சிற்றூரின் மின்கம்பிகள் இந்த அவசரத்தை எவ்வாறு தாங்கும்?

பொறியாளர்கள் இரு கரைகளிலும் தனித்தனியே மின்கலங்களை நிறுவினர். படகு இல்லாத வேளையில் அவை ஊர் மின்சாரத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொள்ளும். படகு வந்ததும், சேர்த்ததை விரைந்து வழங்கும். போய்த் திரும்பி மீண்டும் புறப்படப் படகுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகுமன்றோ? அந்த நேரமெல்லாம் கரை மின்கலத்துக்குச் சேமிப்பு நேரமே.

இது நமக்குப் புதிதன்று. ஊற்றுச் சிறிதாயினும், இரவெல்லாம் ஊறித் தேங்கிய கிணற்று நீரைக் காலையில் கவலை பூட்டி விரைவாக இறைத்தவர்கள் நம் முன்னோர். தேக்கி வைத்தால், சிறிய ஊற்றும் பெரிய வயலை நனைக்கும்.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். ஒரு பொறியை அமைக்கும்போது, அது நன்றாக ஓடுமா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது ஓடும்போது அடுத்த வீட்டில் படிக்கும் பிள்ளையின் விளக்கு மங்காமல் எரியுமா என்றும் கேளுங்கள்.