சேவல் காசின் வயது



ஜொகூர் பாரு பாசார் காராட்டில் பழைய சாமான்களோடு தகர டப்பா நிறையப் பழங்காசுகளை மொத்தமாக வாங்கி வருவோர் நம்மில் உண்டு. அதில் சேவல் படம் போட்ட செப்புக்காசு ஒன்று அகப்படலாம். மறுபுறம் ஜாவி எழுத்தும் அரபு இலக்கத்தில் 1247 என்ற ஆண்டும் இருக்கும். ஒன்று நேர்க்கோடு, இரண்டு கொக்கி போல, நான்கு, திருப்பி வைத்த 3, ஏழு, ஆங்கில 'வி' எழுத்து. "எண்ணூறு வருஷத்துக் காசு" என்று சொல்லி நம் மாதச் சம்பளத்தையே விலையாகக் கேட்டால் கொடுத்துவிடலாமா?

அது ஹிஜ்ரி ஆண்டு. கி.பி. 622இல் தொடங்கியது. அதற்காக 622ஐக் கூட்டி 1869 என்று சொல்வதும் பிழை. ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கு. நம் காலண்டரைவிட ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு. ஆகவே கணக்கு 1831-32இல்தான் வந்து நிற்கும்.

சேவலுக்கு மேலே 'தானா மெலாயு', அதாவது மலாய் நாடு என்றிருந்தாலும், எந்தச் சுல்தானும் வெளியிட்ட நாணயமல்ல அது. சிங்கப்பூர் வணிகர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடிக்கச் செய்த டோக்கன். சுமத்திராவிலும் செல்லுபடியானது. ஏராளமாக அடித்தார்கள், இன்றும் அவ்வளவு அபூர்வமில்லை.

செப்பென்றால் புளி போட்டுத் துலக்குவது நம் வீட்டுப் பழக்கமாயிற்றே! நாங்களும் ஒரு சேவலை அப்படித்தான் பளபளக்க வைத்தோம். நாணயம் சேர்ப்பவர் பார்த்ததும் கையில் வாங்கவே மறுத்துவிட்டார். அழுக்கு இருந்தால் இருக்கட்டும். காகிதத்தில் சுற்றி வையுங்கள்.