சம்பள உயர்வு யார் கைக்குப் போகிறது?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1000 ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! 2021இல் அது கிடைத்தது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. அந்தக் கணக்கிலேயே பார்ப்போம். வாரத்துக்கு இரண்டு நாள் சம்பளம் குடிக்குப் போனால் மாதத்துக்கு எட்டுப் பேர் போகிறது. 10,800 ரூபா. நாளுக்கு 18 கிலோ என்றால், 144 கிலோ கொழுந்து. மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்து. கம்பெனியிடம் போராடி வாங்கியதைத் தவறணையில் போராடாமலே கொடுத்துவிட்டு வருகிறோம். தீபாவளி முற்பணமும் அப்படித்தான். காசு மூன்று நாளில் முடிகிறது, கழிவு மாதக்கணக்கில் சம்பளச் சீட்டில் வருகிறது.

குடிக்கிறவர்களைத் திட்ட நான் எழுந்து நிற்கவில்லை. குளிர், உடம்பு வலி, ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை, வேலை முடிந்தால் போவதற்கு ஒரு வாசிகசாலைகூட இல்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் குடி இவற்றில் ஒன்றையும் தீர்க்கவில்லை. அந்தக் காலத்தில் கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு'ச் சீட்டாக நம் முன்னோரைக் கட்டி வைத்தது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. இன்று கடைக் கொப்பியில் நாமே நமக்குத் துண்டு எழுதுகிறோம்.

இதன் பாரம் பெண்கள் மேல்தான். மலையிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்தவளுக்கு அடியும் விழுகிறது. பிள்ளைகளின் நிலை பாடசாலை இடாப்பில் தெரிகிறது. இரவு சண்டை நடந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் வருவதில்லை. வந்தாலும் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறது. பெரிய வகுப்புப் பையன்களின் சட்டைப்பையில் பாபுலும் மாவாவும் வரத் தொடங்கிவிட்டன.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்க முடியாது. வீட்டு வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. அது கண்ணையும் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

இன்னொன்று. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கலாம், வலிப்பும் வரலாம். அதை "பேய் பிடித்தது" என்று கோயிலில் கட்டி வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். குடிக்கு வைத்தியம் உண்டு.

கடைசியாக நம் சங்கத்துக்கு. அங்கத்துவம் சேர்க்கும்போதும், தேர்தல் வந்தாலும், மரண வீட்டிலும் போத்தல் கொடுக்கும் பழக்கம் நம்மிடமே இருக்கிறது. போத்தல் கொடுத்துச் சேர்த்த ஆள் இன்னொரு போத்தலுக்கு மாறிப் போவார். ஆகவே மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன்:

1. சங்கத்தின் எந்த வேலைக்கும் மது கொடுப்பதில்லை.
2. பெண்ணின் சம்பளம் அவளுடைய பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும்.
3. லயத்தில் கசிப்பு விற்பவர் எந்தச் சங்கத்துக்காரராக இருந்தாலும் கமிட்டியே முறையிடும்.

தாய்மார்கள் முதலில் கையை உயர்த்துங்கள்.