லைன் கிளியர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சானமாவு காடு. கேழ்வரகு முற்றும் பருவத்தில், கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் வந்து இங்கே தங்கும். பொழுது சாய்ந்தபின் வெளியே நடமாட வேண்டாம் என்று சுற்றியுள்ள கிராமங்களை வனத்துறை எச்சரிக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால், லைன்மேன் டார்ச் விளக்கோடு கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு காட்டோரம் நடந்தாக வேண்டும். மின்துறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசும்போதெல்லாம் அவரை விட்டுவிட்டே பேசுகிறோம் என்பது என் ஆதங்கம்.

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று தொடங்கியது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் வாரியங்களைப் பிரிக்கச் சொன்னது. 2010 நவம்பர் 1 அன்று நம் வாரியமும் பிரிந்தது; உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் டான்ஜெட்கோவும், மின் தொடரமைப்புக்கு டான்டிரான்ஸ்கோவும் பிறந்தன. 2024இல் டான்ஜெட்கோவும் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று மூன்று கழகங்களானது. ஜூஜுவாடியைத் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குப் போனால் 2002இலிருந்தே பெஸ்காம் என்ற பகிர்மான நிறுவனம். ஒவ்வொரு முறையும் பேச்செல்லாம் கடன், கட்டணம், மின் இழப்பு பற்றித்தான். பிரிவு அலுவலகத்தில் எத்தனை வயர்மேன் இருக்கிறார், எத்தனை இடம் காலி என்ற கேள்வியைத் தொழிற்சங்கங்கள்தான் விடாமல் கேட்டுவருகின்றன.

கேட்க வேண்டிய கேள்விதான். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஓசூரின் ஆலைகள் பெருகின. ரோஜாவுக்குப் பசுமைக்குடில்கள் வந்தன, வீட்டு மனைகள் வந்தன. இணைப்புகளும் மின்மாற்றிகளும் ஆண்டுதோறும் கூடுகின்றன. நட்டத்தில் ஓடும் நிறுவனமோ முதலில் கை வைப்பது ஆள் எடுப்பதில்தான். ஓய்வு பெற்றவரின் இடம் காலியாகவே கிடக்கிறது. அவர் பார்த்த ஊர்கள் பக்கத்துப் பிரிவுக்காரர் தலையில் விழுகின்றன. மிச்ச வேலையை ஒப்பந்தத் தொழிலாளிகள் சுமக்கிறார்கள்.

2021 தொடக்கத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேங்மேன்களாகச் சேர்ந்தார்கள். குழி தோண்டுவது, கம்பம் நடுவது, கம்பி இழுப்பது போன்ற வேலைகளுக்கென்று எடுக்கப்பட்டவர்கள். தேர்விலேயே கம்பத்தில் ஏறிக் காட்டியவர்கள். வயர்மேன் இல்லாத இடங்களில் எங்களையே மின்பாதையில் ஏற்றுகிறார்கள், அப்படியானால் கள உதவியாளர் பதவியைக் கொடுங்கள் என்று போராடிவருகிறார்கள். அது நியாயமான கோரிக்கை. அந்த வேலைக்குரிய பயிற்சியும் பதவியும் தராமல் ஒருவரைப் பதினோராயிரம் வோல்ட் கம்பியருகே அனுப்புவதை எந்தச் சீர்திருத்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

ஆள் குறைந்தால் பராமரிப்பும் தள்ளிப்போகும். மரக்கிளை வெட்டுவதும், தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவதும் அவசரமில்லாத வேலைகளாகிவிடும். யானை நடமாடும் நாட்டில் அந்தத் தாமதம் உயிரை வாங்கும். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், 2023 மார்ச்சில், கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை ஏறிய யானை ஒன்று மின்கம்பியில் பட்டு இறந்தது.

புயல் வந்தால் இருக்கும் ஆட்களையும் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ஸ்மார்ட் மீட்டர் எவ்வளவு துல்லியமாகக் கணக்குக் காட்டினாலும், சாய்ந்த கம்பத்தை ஆட்கள்தான் நிமிர்த்த வேண்டும்.

பழுது பார்க்க ஒரு முறை இருக்கிறது. துணை மின் நிலையத்தில் லைன் கிளியர், அதாவது மின்பாதையை அணைத்து வேலை செய்வதற்கான அனுமதி, வாங்க வேண்டும். மின்பாதையைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து, கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும், மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் எர்த் ராடு மாட்டிய பிறகே கம்பியில் கை வைக்கலாம். கீழே நின்று கவனிக்க இன்னொருவர் வேண்டும். இரவில், ஒற்றை ஆளாக, பத்துப் புகார்கள் காத்திருக்கும்போது இந்தப் படிகளில் ஒன்று விடுபட்டுப்போகிறது. ஆகவே, காலியிடங்களை நிரப்பும்வரை, இரவுப் பழுதுக்கு இருவர் இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது. ஊர் இருட்டில் காத்திருக்க நேர்ந்தாலும் சரி.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. உங்கள் பட்டறையிலோ வீட்டிலோ ஜெனரேட்டர் இருந்தால், அதையும் வாரிய மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள். அந்தச் சுவிட்ச் இல்லாவிட்டால், உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் மின்மாற்றி வழியே பின்னோக்கி ஏறி, அணைத்து வைத்த லைனுக்கே போய்விடும். அங்கே ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார்.