வலமிருந்து இடமாக ஒரு தேடல்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)

 

"இஸ்ரேலில் வேலை பார்த்தாயே, அதைப் பற்றிப் பேசு" என்றார் செயலாளர். நான் பேசப்போவது டெலிபோன் டைரக்டரி பற்றி. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

நான் ஹைஃபாவில் இருந்தபோது, சென்னையிலிருந்து என் பழைய மேலாளர் ஒரு வேலை கொடுத்தார். இளவயதில் அவரோடு பணியாற்றிய இஸ்ரேலிய நண்பரிடமிருந்து கடிதம் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. "இருக்காரா இல்லையான்னு மட்டும் பாருப்பா" என்றார். கையில் இருந்தது ஆங்கிலத்தில் ஒரு பெயரும், ரெஹோவோத் என்ற ஊரும்தான்.

இணையத்தில் டைரக்டரியைத் திறந்து ஆங்கிலத்தில் தட்டினேன். விடை பூஜ்யம். ஹீப்ருவில் தேட வேண்டும் என்று புரிந்தது.

ஹீப்ருவில் 22 எழுத்துகள். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஆனால் டெலிபோன் எண் மட்டும் நம்மைப்போல இடமிருந்து வலம். உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. படிப்பவரே சேர்த்துப் படிக்க வேண்டும். 'கோஹன்' என்றால் மூன்றே எழுத்து. அதிலும் கடைசி 'ன்'னுக்கு வேறு வடிவம். இப்படி ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் இறுதியில் உருவம் மாறும். கம்ப்யூட்டருக்கோ அவை தனித்தனி எழுத்து!

ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்தும் உண்டு. 'க'வுக்கு காஃப், கோஃப். 'ட'வுக்கு டெட், டாவ். ஐரோப்பியப் பெயர் என்றால் பெரும்பாலும் கோஃப், டெட். கோஹன் ஹீப்ருப் பெயர், அதனால் காஃப். மறுபுறம், ஒரே எழுத்து 'ப' ஒலிக்கும் 'ஃப' ஒலிக்கும் வரும். நமக்கு இது புதுசா என்ன? 'பல்'லுக்கும் 'பஸ்'ஸுக்கும் ஒரே 'ப'வைத்தானே எழுதுகிறோம்!

இன்னொரு சிக்கல், குடியேறியவர்களில் பலர் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். முதல் பிரதமர் பென் குரியன் பிறந்தபோது க்ரூன். கோல்டா மேயர் 1956 வரை மேயர்சன். பழைய கடிதத்திலுள்ள பெயர் டைரக்டரியில் இருக்கும் என்று என்ன உத்தரவாதம்?

எதிர் மேசை நண்பரிடம் போனேன். அவர் ஆங்கில எழுத்தைப் பார்க்கவே இல்லை. "நீ வாயால் சொல்லு. குடும்பம் எந்த நாட்டிலிருந்து வந்தது?" என்று கேட்டார். போலந்து என்றேன். ஒரு காகிதத்தில் மூன்று விதமாக எழுதிக் கொடுத்தார். மூன்றாவதற்கு இரண்டு எண்கள் கிடைத்தன. 08 போட்டு முதல் எண்ணை அழைத்தேன்.

எடுத்தது ஒரு மூதாட்டி. நண்பர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேலாளர் பெயரைத் தயங்கித்தான் சொன்னேன். "மெட்ராஸ்!" என்றார் அந்த அம்மாள். அந்த வாரமே இருவரும் போனில் வெகுநேரம் பேசினார்கள். செய்தி வருத்தமானதுதான். ஆனால் பதில் வராத கடிதங்களுக்கு ஒரு காரணம் தெரிந்தது. அது மேலாளருக்குப் பெரிய ஆறுதல்.

நண்பர்களே, தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. அவர்கள் ஊரில் அந்தப் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் சங்க டைரக்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயக்குமார் என்று தேட, 'ஜே'க்கு அடுத்து 'ஏ'யா, 'ஈ'யா? பாஸ்போர்ட் எடுத்ததும் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. கல்யாணமானதும் சகோதரிகளின் இனிஷியல் மாறிவிடுகிறது. பிறகு "அவனைக் காணோம், அவளைக் காணோம்" என்கிறோம்! அடுத்த பதிப்பில் ஒவ்வொருவர் பெயரையும் தமிழிலும் அச்சிடுவோம். இனிஷியலை விரித்து, கல்லூரி நாளில் இருந்த பெயரையும் சேர்ப்போம். இது என் கோரிக்கை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒலியை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு 1918-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். 1985-ல் டெய்ச், மொகோடாஃப் என்ற இருவர், கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கு ஏற்ப அதை மாற்றி அமைத்தார்கள். நம் பெயர்களுக்கும் இனிஷியலுக்கும் ஏற்ற ஒன்றை இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துச் செய்யுங்களேன். முதலில் நம் சங்க டைரக்டரியில் போட்டுப் பார்ப்போம். எத்தனை பேர் கிடைக்கிறார்கள், பாருங்கள்!