நாயுண்ணியும் அதனை ஒழிக்கும் எளிய முறைகளும்

(கிராம மக்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



விதையைப் பற்றியும் எருவைப் பற்றியும் பேசுவதற்கு இத்தகைய கூட்டங்களுக்கு வருவோர் அநேகர். நாயைப் பற்றிப் பேச வருபவர் மிகச் சிலர். எனினும் இரவில் களத்தையும் ஆட்டுப் பட்டியையும் காத்து நிற்பது நாயே. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று ஊர்ப் பெயராலேயே நாய்ச் சாதிகள் வழங்கிவருவது அப்பிராணிக்கு இந்நாட்டிலுள்ள மதிப்பைக் காட்டும். அந்த நாயின் காதுமடலை இன்று மாலை சற்றுப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே உண்ணிகள் ஒன்றின்மேலொன்றாக ஒட்டிக்கொண்டிருக்கக் காண்பீர்கள். இரத்தம் குடித்துப் பருத்த உண்ணி ஆமணக்கு முத்தைப் போலவே தோன்றும். இவ்வொப்புமையை நாம் மட்டும் கண்டோமல்லோம். ஆமணக்குக்கு லத்தீன் மொழியில் வழங்கும் ‘ரிசினஸ்’ என்ற பெயருக்கே உண்ணி என்பதுதான் பொருள்.

உண்ணி உள்ள நாய் மெலிகிறது, சொறிகிறது என்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. உண்ணி தன் வாயின் வழியே நோய்க்கிருமிகளையும் புகுத்துகின்றது. மாடுகளுக்கு வரும் ஒருவகைக் காய்ச்சல் உண்ணியால் பரவுகின்றதென்பதை அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்னும் இரு அறிஞர்கள் 1893ஆம் ஆண்டில் நிறுவினார்கள். செகந்திராபாத்தில் ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது இதற்கு நான்காண்டுகள் பின்னரே. நாய்க்கும் இவ்வாறே உண்ணிக் காய்ச்சல் வருகின்றது. நாய் தீனி தின்னாமல் படுத்துவிடும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் இரத்தம் வடியும், சிறுநீர் காப்பிக் கஷாயம் போலச் சிவந்து போகும். அந்நாயோடு விளையாடும் குழந்தைக்கும் இவ்வுண்ணியால் வேறொரு காய்ச்சல் வரக்கூடும். அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இத்தனை கேட்டில் முக்கால் பங்கையும் காசு செலவின்றியே தடுக்கலாம். ஆனால் நாம் செய்யும் முயற்சியெல்லாம் நாயின் உடம்பின்மேலேயே நடக்கிறது. உண்ணியோ தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடம்பில் கழிப்பதில்லை. நம் வீட்டுச் சுவரில் கழிக்கின்றது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

வயிறு நிறைந்த பெண்ணுண்ணி நாயைவிட்டுக் கீழே விழுகிறது. விழுந்ததும் சுவரேறி, வெடிப்பிலோ, கதவு நிலையின் இடுக்கிலோ, கூரைச் சரத்திலோ ஒளிந்துகொண்டு, ஆயிரக்கணக்கில், சில சமயம் நாலாயிரம் வரையில், முட்டையிட்டு மடிகின்றது. சில வாரங்களில் முட்டை பொரிந்து ஆறு கால்களையுடைய குஞ்சுகள் வெளிப்படும். கடுகினும் சிறிய இக்குஞ்சு நாயின்மேல் ஏறிச் சில நாட்கள் இரத்தங் குடித்து, மறுபடி கீழே விழுந்து, இடுக்கிற் புகுந்து தோலுரித்து எட்டுக்கால் உடையதாகிறது. மீண்டும் நாய், மீண்டும் சுவர். இப்படி மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கும். மூன்று முறையும் கூட்டிப் பார்த்தாலும் அது நாயின் மேலிருப்பது ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்களே. எஞ்சிய காலமெல்லாம் வெடிப்பில் வாசம். பெரிய உண்ணி இரையே இல்லாமல் மாதக்கணக்கில், ஓராண்டுக்கு மேலுங்கூட, உயிரோடு காத்திருக்கும். நாயைக் குளிப்பாட்டிய எட்டாம் நாளே பழையபடி உண்ணி மொய்ப்பது ஏனென்று இப்போது தெரிகிறதல்லவா?

ஆகையால் முதல் வேலை சுவரில். நாய் படுக்குமிடத்தைச் சுற்றிலும் உள்ள வெடிப்புகளையும் பொந்துகளையும் களிமண்ணாலோ சுண்ணாம்புக் காரையாலோ நன்றாக அடைத்துவிட வேண்டும். அடைப்பதற்கு முன் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அவ்விடுக்குகளில் ஊற்றுக. பின்னர் நீற்றிய சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து இரண்டு கை அடிக்க வேண்டும். காயும் வரையில் நாயை அங்கே விடலாகாது, சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் சுடும். முட்டை பின்னும் பொரிந்துகொண்டேயிருக்குமாகையால், இவ்வேலையை ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்திருத்தல் பயனில்லை. பதினைந்து நாளுக்கொரு முறை வெந்நீர் ஊற்றி, மூன்று மாதமாவது விடாமல் நடத்த வேண்டும். நாய்க்குப் படுக்கையாக இட்ட சாக்கை வாரந்தோறும் வெந்நீரில் அமிழ்த்தி வெயிலிலே காயப் போடுக. வைக்கோல் இட்டிருந்தால் அதை எரித்துவிட்டுப் புதிது இடுக. திண்ணையைப் பெருக்கிய குப்பையைக் குப்பைக்குழியில் கொட்டாமல் நெருப்பிலிடுவது நலம். வீட்டில் நாட்டுக்கோழி மேய்வதும் நல்லதே. தரையில் விழுந்து ஊரும் உண்ணியை அது பொறுக்கித் தின்றுவிடும். வெடிப்பிற்குள் புகுந்துவிட்டதை மட்டும் அதனால் எட்ட முடியாது.

இனி நாயின் உடம்பு. தினமும் ஒருமுறை, விளக்கு வைக்கு முன், கையாலே தடவிப் பார்த்து உண்ணியை எடுத்துவிடுவதற்கு ஒப்பான முறை வேறில்லை. காதின் உட்புறம், கழுத்துப் பட்டையின் கீழ், கால் விரலிடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தவறவிடலாகாது. சிறிய இடுக்கி கொண்டு தோலை ஒட்டினாற்போல் உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமலும் வெடுக்கென்று இழுக்காமலும், நேராக மெல்ல இழுத்தால் முழுதாய் வந்துவிடும். எடுத்ததைக் கொதிநீரில் போடுக. நகத்தால் நசுக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அதனுள்ளிருக்கும் நீர் நம் விரலிலுள்ள சிறு கீறல் வழியே கிருமியைப் புகுத்தக்கூடும்.

மூலிகைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். நம் பெரியோர் கையாண்ட வேம்பு, புங்கு, வசம்பு, துளசி, மஞ்சள் ஆகியவை வீண் வஸ்துக்களல்ல. வேலியோரத்தில் மண்டிக் கிடக்கும் ஒரு செடிக்கு உண்ணிச்செடி என்றே பெயர். வேப்பிலை, வேப்பங்கொட்டை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை, வெள்ளைப்பூண்டு இவற்றை அரைத்து நீரில் கரைத்து வடிகட்டி, மாட்டின்மேலும் தொழுவத்தின் இடுக்குகளிலும் பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியமும் விவசாயிகளிடையே பரப்பி வருகிறது. நாய்க்கு இதை உபயோகிப்பதானால் பூண்டையும் உண்ணிச்செடியையும் நீக்கிவிட வேண்டும். நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. பூண்டு அதன் இரத்தத்தைக் கெடுக்கும். உண்ணிச்செடியைத் தின்ற மாடும் நோயுறும் என்பதால் அதைத் தொட்டியருகே போட்டுவைக்கலாகாது. நாய்க்கு மிக எளியது வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயை விட்டுக் கலக்கி, மயிருக்கு எதிராகத் தேய்த்துச் சீப்பால் வார வேண்டும். முகத்திலும் புண்ணிலும் படலாகாது, குட்டிகளுக்கு வேண்டாம். இது உண்ணியை ஓரளவு விலக்கும், குஞ்சுகளை வருத்தும். பருத்த உண்ணியை இதனால் கொன்றுவிடலாமென்று நான் சொல்லமாட்டேன். மேலும் இதன் வாசனை இரண்டொரு நாளிலேயே மறைந்துவிடும். மூலிகை கைக்குத் துணையேயன்றிக் கைக்குப் பதிலன்று.

‘இயற்கை’ என்ற சொல்லைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். சீத்தாப்பழ விதைத் தூள் பேனையும் உண்ணியையும் கொல்லுமென்பது மெய்யே. ஆனால் அது கண்ணிற் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். தலைக்குத் தேய்த்துக்கொண்ட பெண்கள் பலர் இதனால் கண்ணோய் கொண்டு மருத்துவமனைக்குச் சென்றிருக்கின்றனர். புகையிலைக் கஷாயமும் கொடியது. அதிலுள்ள நிகோடின் தோல் வழியே புகுந்து நாயைக் கொல்லவும் கூடும். மண்ணெண்ணெய் தோலை வேகவைக்கும். எல்லாவற்றிலும் கொடுமை, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிஞ்சியதை நாய்க்குப் பூசுவது. அதனால் நாயும் சாகும், பூசிய கையும் நஞ்சேறும்.

மனிதர் உடம்பில் உண்ணி கடித்திருந்தாலும், ஊதுபத்தியால் சுடுவதும் எண்ணெய் விடுவதும் தவறு. துன்புற்ற உண்ணி தன் வாயிலுள்ளதைக் கடிவாயிலேயே கக்கும். மேற்சொன்னவாறு இடுக்கியால் எடுத்து, சோப்பிட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் கண்டு, உள்ளங்கை உள்ளங்காலிலுங்கூடச் சிவந்த புள்ளிகள் தோன்றுமானால், அது நாயுண்ணியால் வரும் காய்ச்சலாயிருக்கலாம். அப்போது மூலிகையை நம்பித் தாமதிக்கலாகாது. ‘உண்ணி கடித்தது’ என்ற ஒரு வார்த்தையை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளின் என்னும் விலை மலிந்த மருந்தாலேயே இது குணமாகும். சொல்லாமற்போனால் வேறு காய்ச்சலென்று எண்ணி நாட்கள் கழிந்துவிடக் கூடும். நாய்க்கு ஈறு வெளுத்தாலும் அவ்வாறே தாமதமின்றிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மலையடிவாரத்திலிருந்து வந்திருப்போருக்குத் தனியாக ஒரு வார்த்தை. காட்டுண்ணி வேறு, நாயுண்ணி வேறு. 1957ஆம் ஆண்டில் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து, பின் மனிதருக்கும் பரவிய காய்ச்சல் காட்டுண்ணியால் வந்தது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் அதே கிருமி பந்திப்பூரிலும் நீலகிரியிலும் இறந்த குரங்குகளிடம் காணப்பட்டது. மார்கழி முதல் வைகாசி வரையில் விறகுக்கும் சருகுக்கும் காட்டுக்குச் செல்வோர் தரையில் உட்காராதிருக்க வேண்டும். முழுக்கை, முழுக்கால் உடை உடுத்தல் வேண்டும். திரும்பியவுடன் உடையை வெந்நீரிலிட்டு, உடம்பைத் தேய்த்துக் குளித்து, குழந்தைகளின் தலைமயிரைப் பார்க்க வேண்டும். காட்டுச் சருகைத் தொழுவத்தில் படுக்கையாக இடுவதை அம்மாதங்களில் நிறுத்திவிடுங்கள். எலுமிச்சை மணமுள்ள தைலமரத்தின் எண்ணெயிலிருந்து ஆக்கும் பூச்சு உண்ணியைச் சில மணி நேரம் அண்டவிடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது ஆகாது. சாதாரண நீலகிரித் தைலம் வேறு மரத்தினது. அதற்கு அந்தக் குணத்தை எதிர்பார்க்க வேண்டாம். குரங்கு இறந்து கிடக்கக் கண்டால் தொடாமல், கிராமச் சுகாதார ஊழியருக்கோ வனத்துறையாருக்கோ அன்றே அறிவியுங்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஆடு மேய்ப்பவர் ஒருவர், ‘எங்களுக்குச் சுவரே இல்லையே, எதை அடைப்பது?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிடை போடுவோர் ஒரே இடத்தில் பல நாள் தங்காமல் கிடையை மாற்றிக்கொண்டே வந்தால், விழுந்த உண்ணி விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். நாயை மட்டும் தினமும் ஒரே மரத்தடியில் கட்டினால் அம்மரத்தின் பட்டையே உண்ணிக்குச் சுவராகிவிடும். ஆகவே கிடையோடு நாயின் இடத்தையும் மாற்றி, அது படுக்கும் கோணியை வெயிலில் உதறிக் காயப் போட்டு வாருங்கள்.